மதினி ரோட்டில் நிற்கவில்லை

"மழைக்காவது பள்ளிக்கூடத்துல ஒதுங்கினியாலே?" என்று என்னைக் கேட்பார்கள். எங்கள் பக்கம் மழை பெய்தால்தானே ஒதுங்குவதற்கு? நான் எழுத்துக் கூட்டிப் படித்தது லாரிகளின் பின்பக்கத்தில். முதலில் படித்த பாடம் 'ஒலி எழுப்பவும்'. அன்றிலிருந்து வாயை மூடியதில்லை. துட்டி வீட்டுக்குப் போனால்கூட என்னைக் கொட்டகையில் உட்காரவைக்க மாட்டார்கள். நான் எதையாவது சொல்லிவைப்பேன், நாலு பேர் சிரித்துவிடுவார்கள், செத்தவர் வீட்டு ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயம்.

இப்படிப்பட்டவனிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருக்கிறது. எட்டயபுரத்துக்குக் கிழக்கே உள்ள கரிசல் ஊர்களில் இருந்து மிளகாய் வத்தல், பருத்தி, உளுந்து என்று எது விளைந்தாலும் கமிஷன் கடைக்குக் கொண்டுபோய் இறக்குவேன். முன்னால் எனக்கும் பக்கத்தில் ஒருவருக்கும் இடம். பின்னால் சரக்கு. பின்னால் ஆட்களை ஏற்றக் கூடாது என்று சட்டம். எங்கள் ஊரில் அந்தச் சட்டத்துக்கு மரியாதை உண்டு. போலீஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எல்லாரும் இறங்கி நடந்துவிடுவார்கள்.

ஆனால் நான் சொல்லப்போகும் அன்றைக்குப் பின்னால் யாரும் இல்லை. வத்தல் மூட்டைகள் மட்டும்தான். முன்சீட்டில் என் பெரியப்பா மகனின் மனைவி, மதினி. மூட்டைகள் அவளுடையவை.

பங்குனி மாதத்தில் யாரும் கூப்பிடாத மழை வந்திருந்தது. களத்தில் காய்ந்த வத்தல் நனைந்தால் கறுத்துவிடும் என்று மதினி அவசரமாக அள்ளிச் சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, என் வண்டியில் ஏற்றினாள். கூடவே தானும் ஏறினாள். கடைக்காரர் எடை போடும்போது பக்கத்தில் நின்று முறைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மண்பாதையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. நனைந்த கரிசல் சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொண்டு உரல் மாதிரி ஆகிவிட்டது. ஸ்டியரிங்கை நான் ஒருபக்கம் ஒடித்தேன், வண்டி தன்பாட்டுக்கு ஒருபக்கம் போனது. "ஏலே, ஓடையப் பாரு, ஓடையப் பாரு" என்று மதினி கத்தினாள். நானும் ஓடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நேராக அதற்குள் போகிறோமே என்று. வண்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. கதவு திறந்துகொண்டது. அவளுடைய இடது கால் கதவுக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

என்னை அவள் திட்டிய திட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகளுக்கும் கேட்டிருக்கும். அதுவரை எனக்குப் பயமில்லை. திடீரென்று அவள் நிறுத்திவிட்டாள். மதினி வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து, ஒரு துண்டு தனியாக விலகியிருந்தது. பிளேட் வைத்தார்கள். ஒட்டவில்லை என்றால் இன்னொரு தடவை ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கால் குட்டையாகிப்போகும் என்று டாக்டர் சொன்னார். விளாத்திகுளம் பக்கம் ஒருவர் நிலத்தில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்த அண்ணன் கம்போடும் தூக்குவாளியோடும் வந்து சேர்ந்தார். அவர் அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சை மதினி பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் வைப்பதில்லை.

ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"ஆடு எல்லாம் செனையா நிக்கி."

அந்தச் செம்மறிகளை விட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. வத்தல் போட்ட நிலமும் வானத்தை நம்பிய நிலம். ரெண்டே நாளில் ஆட்டு வியாபாரி ஒருவர் கிடைக்கே போய், ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் கைவைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். சினை ஆட்டைச் சினைக்கு உள்ள விலையைச் சேர்க்காமல் கேட்டார். அவசரத்துக்கு விற்கிறவனிடம் அப்படித்தான் கேட்பார்கள். அண்ணன் 'பாப்போம்' என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில்தான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அண்ணாச்சி வந்தார். என் வண்டிக்குப் பாலிசி போட்டுக்கொடுத்தவர். நல்ல மனுசன், சட்டைப்பையில் ரெண்டு பேனா வைத்திருப்பார்.

"ஏலே, அவிய வண்டிக்குள்ள இருந்தாவன்னு சொன்னியோ, அம்புட்டுதான். இது சரக்கு வண்டி. சரக்கு வண்டியில ஆளு ஏறிப் போனா கம்பெனி ஒத்தப் பைசா தராது. ஒன்கிட்டதான் வசூல் பண்ணச் சொல்லும்."

"எங்கிட்ட என்ன இருக்கு அண்ணாச்சி? வாயிதான் இருக்கு."

"அந்த வாயத்தான் மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுதேன். ஸ்டேசன்ல வண்டி சறுக்கிக் காயம்னு மட்டுந்தான் எழுதியிருக்கு. கம்பெனியில இருந்து விசாரிக்க ஒரு ஆளு வருவாரு. மதினி ரோட்டோரமா நின்னாவ. ஒன் வண்டி சறுக்கி இடிச்சுட்டு. ரோட்டுல நின்னவியளுக்குக் கம்பெனி குடுத்துத்தான் ஆகணும்."

"எதுக்கு அங்கன நின்னாவ?"

"பஸ்ஸுக்கு."

"அந்தப் பாதையில பஸ்ஸே கெடையாதே."

"ஆட்டுக்குக் கருவேலங்காய் பெறக்க நின்னாவன்னு சொல்லு."

"அங்கன கருவேலமே இல்லியே அண்ணாச்சி. ஓடைதான் இருக்கு."

"நீ கம்பெனி ஆளா, நம்ம ஆளாலே?"

கடைசியில், கருவேலங்காய் பொறுக்கிவிட்டுத் திரும்பி வரும்போது என்று முடிவானது. திரும்பி வருகிறவர்களுக்கு மரம் தேவையில்லை.

வட்டிக்குக் கடன் வாங்கிப் பில்லைக் கட்டி, மதினியை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒத்திகை நடந்தது. அண்ணாச்சிதான் விசாரணைக்காரர். நான் நான்தான். அந்த வேசம்கூட எனக்குச் சரியாக வரவில்லை. மதினி கட்டிலில் கால் நீட்டிப் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வண்டியில இருந்த வத்தல் யாருதுன்னு கேப்பான்லா?" என்றாள்.

"அது ஒங்க கொழுந்தன் சரக்குன்னு சொல்லிக்கிடுவோம். நீங்க வண்டியிலயே ஏறலையே. அப்பொறம் ஒங்க மூட்டை எப்படி ஏறும்?" என்றார் அண்ணாச்சி.

மதினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அவளுக்கு ஒரு பொய்யில் வருத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் அது சரிப்படவில்லை. நான் வாழ்நாளெல்லாம் பொய் சொன்னவன். ஆனால் நான் சொன்ன பொய்யெல்லாம் பொய் என்று தெரிந்துதான் எல்லாரும் சிரித்தார்கள். இந்தப் பொய்யை ஒருவர் நம்ப வேண்டும். அப்படி ஒரு வேலையை நான் செய்ததே கிடையாது.

அண்ணாச்சி போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூட்டை கடையிலதான கெடக்கு?"

ஆமாம். விபத்துக்கு மறுநாளே வேறொரு வண்டியில் ஏற்றி நான்தான் கடையில் இறக்கியிருந்தேன். ஏற்றிவந்தவன் பேரில் கடையில் ரசீதுச் சீட்டுப் போடுவது வழக்கம் என்பதால் சீட்டும் என் பேரில் இருந்தது. 'நான் வந்து பாக்காம எவனும் வெலை பேசக் கூடாது' என்று மதினி சொல்லியனுப்பியிருந்ததால் விற்காமல் கிடந்தன.

"அடையாளம் எதும் போட்டிருப்பாவளே?"

போட்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் மூட்டையின் வாயைத் தைக்கும்போது தங்கள் பழைய சேலையில் ஒரு கிழிசலைச் சேர்த்துத் தைப்பார்கள். கடையில் நூறு மூட்டை ஒன்றாகக் கிடந்தாலும் அவரவர் மூட்டை அவரவருக்குத் தெரியும். மதினியுடையது நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட சேலை.

"அத வெட்டி எடுத்துரு," என்றார்.

மறுநாள் கடைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் பிளேடால் வெட்டினேன். கிழிசல்களை வீசியெறிய மனசு வரவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கண்ணாடி துடைக்க ஆகும் என்று வண்டி சீட்டுக்கு அடியில் போட்டேன் என்பதுதான் நடந்தது.

விசாரணைக்காரர் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றிவரைக்கும் வெள்ளையும் அதற்குக் கீழே புழுதியுமாக இருந்தார். முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். மறுபடி ஒரு தடவை சுற்றினார்.

"இந்த வண்டியா விபத்துல சிக்குச்சு?"

அப்போதுதான் நாங்கள் செய்த காரியம் எனக்கு உறைத்தது. ஓடையில் இருந்து இழுத்துவந்த அன்றைக்கே வண்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, பூசணிக்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தோம். ரத்தம் பட்ட வண்டியை அப்படியே நிறுத்துவது யாருக்காவது ஆகுமா? சொட்டை விழுந்த கதவில்கூடச் சந்தனம் இருந்தது. விபத்தில் சிக்கிய வண்டி மாதிரி இல்லை, சடங்கான பிள்ளை மாதிரி நின்றது.

"கழிப்புக் கழிச்சோம் சார்," என்றேன்.

"ரத்தக்கறை, மண்ணு, எதுவுமே இல்லையே. யார் கழுவச் சொன்னது?"

"சாமி சார்."

அவர் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஒருவரை நான் சந்தித்ததில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குள் போனோம். மதினி கட்டிலில். அண்ணன் கதவோரம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஏஜெண்ட் அண்ணாச்சி, தான் சும்மா வந்தவர் மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விசாரணைக்காரர் என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"வண்டியில உங்களைத் தவிர யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

"இவங்க?"

"ரோட்டோரமா வந்துக்கிட்டு இருந்தாவ. கருவேலங்காய் பெறக்கிட்டு."

"பெறக்கின காய் எங்க?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "கொட்டிப் போச்சு சார்," என்றேன்.

"சரி. வண்டியில என்ன சரக்கு?"

"வத்தல் சார்."

"யாரோடது?"

"என்னுது சார்."

கட்டில் கிரீச்சென்றது. மதினி ரெண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"யாருது? யாருதுன்னு சொன்னே?"

"மதினி..."

"ஒனக்கு ஏதுலே நெலம்? நீ என்னைக்கு வெத போட்டே, என்னைக்குக் களை எடுத்தே? வெயில்ல கெடந்து பழம் பழமாப் பெறக்கினவ நானு. கை எரிச்சல்ல பச்சப் புள்ளையத் தூக்காம பேத்திய அழவிட்டவ நானு. என்னுதுன்னு சொல்லுதான் பாரு, மூஞ்சியப் பாரு!"

"ஏட்டி, சும்மா இரு," என்றார் அண்ணன். கல்யாணமானதில் இருந்து அவர் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார், பலித்ததில்லை.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? என்னைய ரோட்டுல நிக்கவச்சிய. சரி, நின்னேன். கருவேலங்காய் பெறக்குன்னிய. சரி, பெறக்கினேன். என் வத்தல எடுத்து இவன் பேருல வைப்பியளோ? எய்யா, நீரு எழுதும். அது என் வத்தலு. நான்தான் முன்சீட்டுல ஒக்காந்து கொண்டு போனேன். இவன் ஓடையில கொண்டுபோயி எறக்கிட்டான்."

அண்ணாச்சி எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி வெளியே போனார். அவருடைய வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆட்டு வியாபாரியின் கைதான் என் கண் முன்னால் வந்து நின்றது, முதுகை அமுக்கி அமுக்கிப் பார்த்த கை.

விசாரணைக்காரர் பேனாவை மூடினார். என்னைப் பார்க்காமல் மதினியைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, அந்தச் சரக்கு உங்களோடதுதான்னு காட்ட முடியுமா?"

"காட்டினா?"

"சும்மா லிஃப்ட் கேட்டு ஏறினவங்களுக்குப் பாலிசியில இடமில்ல. சரக்குக்குச் சொந்தக்காரங்க சரக்கோட முன்சீட்டுல போனா, அதுக்கு இடமிருக்கு. ஆனா நான் வந்ததுல இருந்து இந்த வீட்டுல பொய்யாத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்ப நீங்க சொல்லுறதை நான் எப்படி நம்புறது?"

"மூட்டை கடையில கெடக்கு. வாயில என் சேலைக் கிழிசலச் சேத்துத் தச்சிருக்கேன். நீலச் சேலை, மஞ்சப் பூவு. போய்ப் பாரும். பாத்துட்டு வந்து எங்கிட்டப் பேசும்."

நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"வாங்க, போவோம்," என்று அவர் என்னிடம் சொன்னார். தன்னுடைய மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, சந்தனப் பொட்டோடு நின்ற என் வண்டியில், மதினி உட்கார்ந்த அதே சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு அடியில்தான் அந்தக் கிழிசல்கள் இருந்தன.

கடைவரைக்கும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். மூட்டையில் அடையாளம் இல்லை என்றால் மதினி பொய்க்காரி ஆவாள். என் பேரில் கடைச் சீட்டு இருக்கிறது. 'வலியில ஏதோ உளறுதாவ சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை எடுபட்டுவிடும். நான் தப்பிவிடலாம் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. வெட்டியது நான் என்று சொன்னால், தடயத்தை அழித்தவன் என்று என்மேல் கேஸ் வரலாம், வண்டி போகலாம், லைசென்ஸ் போகலாம். வண்டி போனால் நான் யார்? வேலை இல்லாத கோமாளி. வேலை உள்ள கோமாளிக்காவது ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு.

கடையில் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மற்றவர்களின் மூட்டைகளில் சிவப்பும் பச்சையுமாகக் கிழிசல்கள் தொங்கின. மதினியின் மூட்டைகள் மட்டும் மொட்டையாக இருந்தன.

விசாரணைக்காரர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வத்தல் நெடியில் தும்மினார். கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தம்மா சொன்ன அடையாளம் இல்லையே."

கடைக்காரர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சுமை தூக்குகிறவர்களும் பார்த்தார்கள். நான் ஏதோ சொல்லிச் சிரிக்கவைப்பேன் என்று அவர்கள் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. எனக்கும் ஒன்று வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு வண்டிக்குப் போனேன். சீட்டைத் தூக்கிக் கிழிசல்களை எடுத்தேன். ஒன்றில் கிரீஸ் அப்பியிருந்தது. கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"நான்தான் வெட்டினேன் சார்."

"எப்ப?"

"நீங்க வாரதுக்கு முன்ன. அவியளுக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"பொய்க்குத் தோதா இருக்கட்டும்னு."

அவர் கிழிசலை மூட்டை வாயில் வைத்துப் பார்த்தார். பிளேடுக்குத் தப்பிய நீல நூல்கள் தையலுக்குள் இன்னும் நின்றன. வெட்டிய ஓரமும் ஓரமும் சேர்ந்தன. போனில் படம் எடுத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் நீட்டினார்.

"சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுத்துக் கூட்டி எழுதினேன். ரொம்ப நேரம் ஆனது. எடுத்த மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே ஒருவர் எட்டிப் பார்த்து, "வெட்டினேன்ல ரெண்டு சுழியா, மூணு சுழியாலே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். விசாரணைக்காரரும் சிரித்தார். அவர் சிரிக்கிறவர்தான் என்று அப்போது தெரிந்தது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது உங்களுக்கு நல்லதில்ல," என்றார். "கழுவினது, வெட்டினது, பொய் சொன்னது எல்லாத்தையும் நான் எழுதுவேன். உங்க வண்டி டேமேஜ் கிளெய்ம் நிக்காது. அந்தம்மாவோடது வேற. அது நிக்கலாம்."

"நிக்கலாம்னா, நிக்குமா சார்?"

"நான் பாத்ததை எழுதுறேன். மத்தது என் கையில இல்ல."

மதினியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். தன் கிழிசலை நான் வெட்டினேன் என்று கேட்டதும், கால் சரியாக இருந்திருந்தால் என் கால் போயிருக்கும். கைக்கு எட்டிய சொம்பை எறிந்தாள். குறி தப்பவில்லை.

அதற்குப் பிறகு வக்கீல், கோர்ட்டு, வாய்தா. என் கிளெய்ம் அவர் சொன்ன மாதிரியே தள்ளுபடியானது. சொட்டைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டினேன். ஏஜெண்ட் அண்ணாச்சி என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் ரோட்டைத் தாண்டுவார். "ஒரு வாயி ஒழுங்கா இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்," என்று ஊரெல்லாம் சொன்னார். மதினியின் வாயைச் சொன்னாரா, என் வாயைச் சொன்னாரா, தெரியவில்லை.

மதினிக்கு எலும்பு ஒட்டவில்லை. ரெண்டாவது ஆபரேஷனுக்கு டாக்டர் குறித்த நாள் நெருங்கியபோதும் கோர்ட்டில் இருந்து ஒன்றும் வரவில்லை. ஆட்டு வியாபாரி மறுபடி கிடைக்கு வந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். முன்னால் கேட்ட விலையைவிடக் குறைத்துக் கேட்டார். அண்ணன் ரொம்ப நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் வக்கீல் மதினிக்குப் போன் செய்திருக்கிறார். கம்பெனி சமரசத்துக்கு வந்துவிட்டது, லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்கிறார்கள், அவள் கேட்டதில் ஒரு பங்கு குறையும், ஒத்துக்கொள்கிறாளா என்று கேட்டிருக்கிறார். அவள் ஒத்துக்கொண்ட கையோடு அண்ணனுக்குப் போன் செய்தாள். போனைக் காதில் வைக்கத் தேவையே இல்லை. கிடை முழுக்கக் கேட்டது.

"ஏங்க, அந்த ஆட்டுக்காரன் அங்கன நிக்கானா?"

"நிக்கான்."

"போகச் சொல்லும்."

அண்ணன் போனை மடியில் செருகினார். வியாபாரியைப் பார்த்து, "சரிய்யா, போயிட்டு வாரும்," என்றார். வியாபாரி தன் பைக்கை உதைத்துக் கிளப்பிக் கண்ணுக்கு மறையும்வரை அண்ணன் நின்று பார்த்துவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு, படுத்திருந்த ஆடுகளை மேய்ச்சலுக்கு ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்ப ஆரம்பித்தார்.